ஜீப்பை உயர்த்தும் ஆலோசனை

யுத்தகாலம். துறைமுக வீதியில் பிரயாண அனுமதிக்காக வரிசையில் நின்றேன். வரிசையில் கதைக்கக் கூடாதென்று விதி எதுவுமில்லை; அறிவித்தல் பலகை முழுவதையும் வாசித்துவிட்டேன். எனக்கு முன்னால் நிலாவெளிக்காரர் ஒருவரும் அவருடைய மனைவியின் தமையனும் நின்றார்கள்.

"ஜீப்பை உயர்த்தினால்தான் உங்கட தங்கச்சி சுகமாய்ப் பெறுவாள், மச்சான்" என்றார் நிலாவெளிக்காரர்.

"இதென்ன கதை?" என்றார் தமையன்.

"போனமுறை கிளினிக்குக்கு வரேக்கை ஜீப்பின்ரை அடி பள்ளத்திலை தட்டி நிண்டிட்டுது. வலி வந்த நேரம் அப்பிடி நிண்டால்? கராச்சுக்குக் குடுக்கக் காசில்லை, நானே பூட்டுவன். ஸ்பிரிங்குக்குக் கீழை பாலை மரக்கட்டை வைக்கிறதோ, பழைய லொறி ஸ்பிரிங் தகடு ஒண்டு கூடப் போடுறதோ?"

"ஒண்டும் வேண்டாம். வழியிலை எத்தினை செக்பொயின்ற்?"

"அஞ்சு."

"அஞ்சிலையும் இறங்கி நடக்கோணும். நிறைமாதக்காரி அந்த உயரத்துக்கு அஞ்சு தரம் ஏறுவாளோ?"

வரிசை ஓர் அடி நகர்ந்தது.

"அதுவும் சரிதான். அப்ப பிள்ளை பிறக்குமட்டும் அவள் டவுனிலை உங்கட வீட்டிலை இருக்கட்டும். ஆஸ்பத்திரியும் கிட்ட."

"எங்கட வீட்டிலையோ?"

"ஓம். உங்கட மனுசியிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோவன்."

தமையன் கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"மரக்கட்டை வெடிச்சுப்போம்" என்றார். "தகட்டையே போடுங்கோ. ஏறுறதுக்கு நான் ஒரு முக்காலி தாறன்."