எட்டடி ஆழத்தில் பிள்ளையார்

ஹலோ... ஹலோ... ஆங், நான்தாங்க, வான்மதிதான். வேற யாரு எடுப்பா இந்த வீட்ல... குரலா? குரலுக்கு என்ன... நடுங்குதா? குளிருதுங்க, அதான். பேக்யார்டுலதான் நிக்கறேன்... ஆமா, ஆமா, வந்துட்டார். குளிர்காலத்துக்கு நம்ம ஸ்விம்மிங் பூலை மூடற டேவ் காலையிலேயே வந்துட்டார். சதுர்த்தி முடிஞ்சதும் ஆபீஸ் வேலையா நீங்க போன டல்லாஸ்ல இன்னும் ஏசி ஓடும். இங்க எடிசன்ல மரமெல்லாம் கொட்ட ஆரம்பிச்சாச்சு.

சொல்லுங்க, லிஸ்ட் கையில வச்சிருக்கீங்களா... தண்ணி இன்னும் இறக்கல... பைப்ல காத்து ஊதல, அதுவும் இல்ல... மருந்தா? ஊத்தலங்க. கவர் புல்லு மேல விரிச்சபடி கெடக்கு... ஒரு மணி நேரமா அவர் என்ன பண்றாரா? காபி குடிக்கிறார். டபராவுலதான். ஆத்தக் கத்துக் குடுத்தேன், பாதி ஷூ மேல ஊத்திக்கிட்டார்...

சிரிக்கலயே... சரி, சிரிக்கிறேன்.

ஆங்... தெரியும், சனிக்கிழமை அந்த மண்ணு போடற ஆள் அளவெடுக்க வர்றான். பத்து மணிக்கு. ஞாபகம் இருக்கு... ஆமா, ஆமா, மூடறது இதான் கடைசி, வர்ற ஸ்பிரிங்ல மண்ணைக் கொட்டி நிரப்பிப் புல்லு போட்டுடலாம், பொண்ணு மானஸா காலேஜ் போனப்புறம் அதுல யாரு இறங்கறா... நீங்க சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்குங்க. அதைப் பத்தித்தான்... இல்ல, முதல்ல வேற ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

பிள்ளையாரைக் கரைச்சாச்சுன்னு சொன்னேனே... சதுர்த்திக்கு மூணாம் நாள், ஆமா... வாளியிலதான் கரைக்கச் சொன்னீங்க, ஆமா... வாளியில இல்லங்க. பூல்ல.

இருங்க... இருங்க. முழுசாக் கேளுங்க. எத்தனை வருஷமா அவரை ஹோம் டிப்போ கடையில வாங்கின வாளியில முக்கி ரோஜாச் செடிக்கு ஊத்திட்டிருக்கோம்? பின்னாடி இருபதாயிரம் கேலன் தண்ணி கெடக்கு, மனுசனுக்கு ஒரு குளம் குடுப்போம்னு பாத்தேன்... படியில உக்காத்தி வச்சேங்க, பதவிசாத்தான் வச்சேன். வழுக்கிட்டு ஆழத்துக்குப் போயிட்டார்... ஃபில்டர் அடைக்கல. அடைக்கணும்னா அவர் கரையணும்ல?... கரையல. ஒரு மாசமா கரையல... சுத்தமான களிமண்ணுன்னு ஓக் ட்ரீ ரோடு இந்தியன் கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்தது யாரு?... அதான். உள்ள முழுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பெயின்ட் மட்டும்தான் போயிருக்கு.

டேவ் எலை அள்ளிட்டிருந்தவர் அப்படியே நின்னுட்டார். மேடம், உங்க பூல்ல ஒரு யானை உக்காந்திருக்குன்னார்... சிரிக்காதீங்க... அடியில ஒண்ணு கெடந்தா மூட முடியாதாம். வலை போட்டுப் பாத்தார், வலை கிழிஞ்சுது. அப்புறம் கம்பு நுனியில கொக்கியை மாட்டி எங்க விட்டார் தெரியுமா... தும்பிக்கையில. நான் விடலங்க. கத்திட்டேன். அவர் பாவம், கம்பைப் போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டார்... உடைஞ்சா உடையட்டுமா? என்ன பேசறீங்க. ஒரு மாசமா என் கூட இருந்தவர்.

எடுத்தாச்சு... டவல் சுத்தி, துணி காயப்போடற டிரையர் மேல உக்காந்திருக்கார்... டேவ் எடுக்கல. அவர் தண்ணியில இறங்க மாட்டாராம், இன்ஷூரன்ஸ் கிடையாதாம்... பக்கத்து வீட்டு நவநீத்தும் இல்ல, அவன் ஆபீஸ் போயிட்டான்...

நான்.

நான்தாங்க எடுத்தேன்... எட்டடிதான். ஆமா, டீப் எண்டுல... உயிரோடதான் பேசிட்டிருக்கேன். தலை சொட்டுது, பல்லு தந்தியடிக்குது, அவ்வளவுதான். தண்ணி அம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம ஊர்க் கணக்குல பதினாலு.

தெரியும்... நீந்தத் தெரியுங்க. ஜூன்லேர்ந்து... டவுன் ரெக் சென்டர்ல, நீச்சல் கிளாஸ். பெரியவங்க கிளாஸ் ஃபுல்லாயிடுச்சு, அதனால குட்டிப் பசங்க கிளாஸ். எல்லாருக்கும் ஆறு வயசு, எனக்கு நாப்பத்தேழு. ஃப்ரிட்ஜ்ல தவளை ஸ்டிக்கர் இருக்கே, மானஸாவோடதான்னு கேட்டீங்களே... என்னுது. மூச்சடக்கி அஞ்சு வரைக்கும் எண்ணினா தவளை. பத்துக்கு டால்ஃபின், டால்ஃபின் இன்னும் வாங்கல... ஆமா, அதான் தினம் தலைக்குக் குளிச்சது. சைனஸ் வரும்னு திட்டினீங்களே.

பன்னண்டு மணி மீட்டிங் முடிஞ்சதும் இறங்கிடுவேன். அவர் அடியில உக்காந்து மேல பாத்திட்டிருப்பார். தினம் அவரை எடுக்கப் போவேங்க. மூணடி போவேன், காது அடைக்கும், வந்துடுவேன். நாலடி. போன வாரம் அஞ்சடி. அதுக்கு மேல பயந்து திரும்பிடுவேன். இன்னிக்கு அந்தக் கொக்கியைப் பாத்ததும் பயத்தை யோசிக்க நேரமே இல்ல. விரல்ல தும்பிக்கை பட்டுது பாருங்க... மேல வந்தப்ப டேவ் கை தட்டினார்.

ஏன் சொல்லல... ஆமா, கேக்கறது நியாயம்தான்... சொல்லியிருந்தா நீங்க கரையில வந்து நின்னிருப்பீங்க. கையை மடக்கு, காலை நீட்டுன்னு. கார் ஓட்டக் கத்துக்கும்போது நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க, விசா ஃபார்ம் நீங்க நிரப்பினீங்க, இந்த வீட்டைக்கூட நீங்க பாத்துட்டு எனக்கு போட்டோ அனுப்பினீங்க... குத்தம் சொல்லலங்க. எல்லாம் நல்லாத்தான் செஞ்சீங்க. ஆனா எது நானாச் செஞ்சதுன்னு யோசிச்சா ஒண்ணும் நினைவுக்கு வரல. தப்பாச் செய்யறதைக்கூட யாராவது பாத்துட்டேதான் இருந்தாங்க. தண்ணிக்கு அடியில போனா யாரும் கூப்பிட முடியாது. என் இதயம் அடிக்கறது எனக்கே கேக்குது. அஞ்சு எண்ணறதுக்குள்ள அவ்வளவு இடம் இருக்குங்க அங்க...

அழலயே. மூக்குல தண்ணி.

அதனால சனிக்கிழமை அந்த ஆள் வர வேணாம். இதான் நான் சொல்ல வந்தது. இதை மூடலாம், மண்ணு போடக் கூடாது... ம்... ம்... நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்...

என்னது? கேக்கல. பக்கத்துல ஆள் இருக்கா? காரிடாருக்கு வந்துட்டு சொல்லுங்க... ஆங்... ஆங்... உங்களுக்குமா?... உங்களுக்கும் நீந்தத் தெரியாதா? அப்ப பத்து வருஷமா குளோரின் ஒத்துக்கல, தோல் அரிக்குதுன்னது... நான் வாங்கிட்டு வந்த க்ரீமையெல்லாம் எங்கங்க தடவினீங்க?... முழங்கையில. சரி.

இல்ல, சிரிக்கல. இப்ப நிஜமா சிரிக்கல... பின்கதவு பூட்டியிருக்கான்னு தினம் ரெண்டு தடவை போய்ப் பாப்பீங்களே, அதுவும் இதுக்குத்தானா... மானஸா சின்னதா இருக்கும்போது கரையிலயே உக்காந்திருந்தீங்க, நான் அதைப் பாசம்னு நெனச்சேன்... பாசம், பயம் ரெண்டுமா. ம். ரெண்டும்தான் இருக்கும்... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல... ஆமா. நானும்தான் சொல்லல. சரி, சரிக்குச் சரி.

நானா? நான் சொல்லித் தர்றதா?... தரலாம். கத்த மாட்டேன். நீங்க கார் கத்துக் குடுத்த மாதிரி டாஷ்போர்டைத் தட்ட மாட்டேன், தண்ணியில தட்ட எதுவும் இல்ல... தவளை ஸ்டிக்கர் உண்டு, ஆனா அஞ்சு எண்ணினாத்தான்... நாலுக்கெல்லாம் கிடையாது. மே மாசம் திறந்ததும் ஆரம்பிப்போம்... ஆமா, ஆழமில்லாத ஷாலோ எண்டுலேர்ந்து. கையைப் பிடிச்சுக்கறேன்.

அப்ப அந்த ஆளை நீங்களே கூப்பிட்டு வேணாம்னு சொல்லிடுங்க... இன்னிக்கேவா? சந்தோஷம்ங்க.

இருங்க, டேவ் கூப்பிடறார்... மருந்து ஊத்தட்டுமாங்கறார். டேவ், ஒன் மினிட்... இல்லங்க, ஊத்தச் சொல்லல. போத்தியிருந்த டவலை எடுத்துட்டேன். இன்னொரு தடவை கீழ போயிட்டு வரேன்... தெரியும், அவர் மேல வந்துட்டார், எடுக்க ஒண்ணும் இல்ல. சும்மாத்தான்... வேணாம், நீங்க லைன்ல இருந்து எண்ண வேணாம். பத்து வரைக்கும் நானே எண்ணிக்கறேன்.

வச்சிடறேன்.