உசுரோட இருந்தவளுக்குப் படையல் போட்ட வீடு

முன்னொரு காலத்துல, நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் பல்லு மொளைக்காத காலத்துல, மேக்க மலையும் கெழக்க கொளமுமா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல பால்வண்ணம்னு ஒருத்தன் இருந்தானாம். சும்மா இல்ல, மச்சு வீட்டுல இருந்தான். வீடு அவங்க அய்யா கட்டுனது. இவன் ஒரு செங்கல்லு எடுத்து வச்சதில்ல. ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு, "பாத்தியளா நம்ம வீட்ட"ன்னு போறவன் வாறவன்கிட்டல்லாம் மீசைய முறுக்குவான். அந்த மீசையில தடவுற எண்ணெய்கூட அடுத்த வீட்டுல கேட்டு வாங்குனதுன்னு சொல்லுவாவ. எச்சிக் கையால காக்கா வெரட்டாத பய.

அவனுக்கு ஒரே தங்கச்சி. பேரு ஆவுடை. அந்தக் காலத்துல தூத்துக்குடிப் பக்கம் இருந்து உப்பு வண்டி வரும். வண்டிக்காரன் மாடசாமின்னு நல்ல பாடுபடுற பய. ஆவுடை அவனத்தான் கட்டுவேன்னா. "உப்பு வண்டிக்காரனா எனக்கு மச்சினன்?"ன்னு குதிச்சானாம் பால்வண்ணம். குதிச்சா? அவ திருட்டுத்தனமா ஓடல. பட்டப்பகல்ல, ஊரே பாக்க, தலைய நிமித்தி வண்டியில ஏறி உக்காந்து போனா.

பால்வண்ணம் என்ன செஞ்சான் தெரியுமா? "எந் தங்கச்சி வைசூரி கண்டு மாமன் ஊருல செத்துப் போயிட்டா"ன்னான். சொன்னதோட விட்டானா? கல்யாணம் ஆகாமச் செத்த பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம்லா. ஓலப் பெட்டியில சேலையும் வளையலும் வச்சு வீட்டுக்குள்ள கட்டித் தொங்க விடுவாவ. வருசத்துக்கு ஒருக்கா புதுச்சேலை எடுத்து வச்சுப் படைப்பாவ. அங்க உப்பு வண்டிக்காரன் வீட்டுல ஆவுடை சட்டி நெறைய கொழம்பு வச்சுக்கிட்டிருக்கா. இங்க அவளுக்குக் கன்னிப்பெட்டி கட்டித் தொங்குது.

ஊருக்குத் தெரியாதான்னு கேட்டா, தெரியும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சா யாருக்குத்தான் தெரியாது? தெரிஞ்சும் வருசா வருசம் போயிப் படையல் சோறு தின்னுட்டு, ஏப்பம் விட்டுக்கிட்டு வந்துச்சு ஊரு. பொங்கச்சோத்துல நெய்யி இருந்தாப் போதும், ஊரு வாயத் தொறக்காது.

படையல் எப்படின்னா, இலையில பொங்கச்சோறும் பயறும் பழமும் வச்சுட்டு, கதவச் சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்து நிக்கணும். கன்னி வந்து சாப்பிடணும்லா. பொறவு தொறந்து பாத்தா, பால்வண்ணம் வீட்டு இலையில மட்டும் சோத்துல வெரல் தடம் பதிஞ்சிருக்குமாம்! உடனே ஊரு கன்னத்துல போட்டுக்கிடும். யாரு வெரலு? அவன் பொண்டாட்டி கனகு வெரலு. பொறவாசல் கதவுல தாப்பாப் போடாம வச்சிருந்து, சுத்தி வந்து உள்ள நொழஞ்சு, சோத்த ஒரு அமுக்கு அமுக்கிட்டு ஓடிருவா. தெய்வத்துக்கு வெரல் குடுத்த மகராசி.

வருசம் ஓடுச்சு. ஆவுடை மக பெரிய மனுசி ஆனா. சமஞ்ச பிள்ளைக்கு மொதச் சேலை தாய்மாமன்தான கொண்டாரணும்? ஆவுடை மாமியாக்காரி கேட்டாளாம், "எளா, ஒன் பொறந்த வீட்டுல இருந்து ஒரு ஈ காக்கா இந்த வாசப்படி மிதிச்சிருக்கா? எம் பேத்தி மாமன் இல்லாத அநாதையாட்டம் மணையில உக்காரணுமா?"ன்னு. ஆவுடைக்கு நெஞ்சுல சுருக்குன்னு தச்சிட்டு. தனக்குன்னு ஒண்ணு கேக்க மாட்டா அவ. ஆனா மகளுக்குல்லா. ஒரு சேலை, ஒரு தேங்கா, மாமன்னு சொல்லி ஒரு நாழி வந்து நின்னாப் போதும். அண்ணன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துருவோம்னு பொறப்பட்டு வந்தா.

அந்த நேரம் பாத்து, பால்வண்ணம் வீட்ட விக்கப் போறான். எதுக்கு? கஷ்டமா? ஒரு கஷ்டமும் இல்ல. டவுன்ல போயிக் குடியிருந்து பெரிய மனுசன் ஆவணுமாம். வத்தல் யாவாரி ஆறுமுகக்கனின்னு ஒருத்தர் வீட்ட வந்து பாத்தாரு. அவருக்குப் பிடிச்சுப் போச்சு. இவன் அவர்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணாச்சி, சொவரையும் தூணையும் மட்டும் பாக்காதிய. எங்க வீட்டுக் கன்னி துடியானவ. இந்த வீட்டுல தொட்டது தொலங்கும். வெள்ளிக்கெழம படையல். நீங்களே வந்து வெரல் தடத்தப் பாருங்க, பொறவு வெலையப் பேசுவோம்"ன்னானாம். வீட்டுக்கு ஒரு வெலை, செத்ததாச் சொன்ன தங்கச்சிக்கு ஒரு வெலை! தூ, அவனும் ஒரு மனுசன்.

ஆவுடை வந்து வாசல்ல நிக்கா. பால்வண்ணம் நாலு பேரோட பேசிக்கிட்டு இருக்கான்.

"அண்ணே"ன்னா.

ஏறிட்டுப் பாத்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சாம். பொறவு தொண்டையச் செருமிக்கிட்டு, "யாரும்மா நீ?"ன்னான்.

"நான் ஆவுடைண்ணே. எம் மக பெரியவளாயிட்டா. நீ வந்து ஒரு சேலை குடுத்து, மாமன்னு நில்லு. சேலைகூட நான் வாங்கித் தாறேன். நீ குடுத்தாப் போதும்."

"எந் தங்கச்சி செத்துப் பல வருசமாச்சு. அந்தா பாரு, பெட்டி தொங்குது. எவளோ ஒருத்தி வந்து எங் கன்னி பேரச் சொல்லுதியே, நாக்கு அழுகிப் போவும்."

ஆவுடை சுத்தி நிக்கவுகளப் பாத்தா. கூட வெளையாடுனவுக, எடுத்து வளத்தவுக. ஒருத்தராவது "இவ ஆவுடைதான்"னு சொன்னாவளா? ஒருத்தன் வெத்தலையப் பாத்தான். ஒருத்தன் வானத்தப் பாத்தான். வானத்துல என்னத்தக் கண்டானோ.

பால்வண்ணத்துக்குத் தைரியம் வந்துட்டு. சிரிச்சுக்கிட்டே சொன்னானாம், "பசிச்சா வெள்ளிக்கெழம வா. எங்க கன்னி படையல்ல பிச்சைக்காரிக்கும் ஒரு வாய்ச் சோறு உண்டு"ன்னு. சொன்னான் பாருங்க, தன் வாயாலயே.

ஆவுடை அழல. "சரி, வாறேன்"னா. போயிட்டா.

வெள்ளிக்கெழம வந்துச்சு. வத்தல் யாவாரி வந்தாரு. வெலை முடிக்க வாறதால வெத்தல பாக்கு, தேங்கா, பழம், பட்டுச்சேலைன்னு தாம்பூலத் தட்டோட வந்தாரு. ஊரும் வந்துச்சு, வயித்தக் காயப் போட்டுக்கிட்டு. இலை போட்டாச்சு, சோறு வச்சாச்சு, கதவச் சாத்தியாச்சு. பால்வண்ணம் கையக் கட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, பக்திப் பழமா நிக்கான். கனகு மெள்ள நழுவிப் பொறவாசலுக்குப் போனா. கதவத் தள்ளுனா. தொறக்கல. மறுபடி தள்ளுனா. உள்ள தாப்பாப் போட்டுக் கெடக்கு! சத்தம் போடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. முழி பிதுங்கி நிக்கா. "நேரமாச்சே, தொறங்க"ன்னுட்டாரு யாவாரி.

கதவத் தொறந்தாவ. இலைக்கு முன்னால சம்மணங் கூட்டி உக்காந்து, பொங்கச்சோத்தப் பெசஞ்சு வாயில போட்டுக்கிட்டு இருக்கா ஆவுடை.

"யாருளா நீ, படையலுக்கு முன்னால?"ன்னு அலறுனான் பால்வண்ணம்.

"எனக்குத்தான போட்டிய?"ன்னு கேட்டா. பயறு எடுத்து மென்னா. "உப்புக் கொறச்சல், மதினி"ன்னு பொறவாசலப் பாத்துச் சொன்னா.

யாவாரி திகைச்சுப் போயி, "யாரு இந்தப் பொம்பள?"ன்னு ஊரப் பாத்துக் கேட்டாரு. ஊரு அப்பவும் பேசல. ஆவுடைதான் சொன்னா, "நான்தான்யா இந்த வீட்டுக் கன்னி. பேரு ஆவுடை. புருசன் இருக்கான், மூணு பிள்ள இருக்கு. மூத்தவ சமஞ்சிருக்கா, மாமன் சீருக்கு அழைக்க வந்தேன். செத்துட்டேன்னுட்டாரு எங்க அண்ணன். வெள்ளிக்கெழம வந்து சாப்பிடுன்னு அவருதான் சொன்னாரு, வந்து சாப்பிடுதேன்."

சொல்லிட்டு எந்திரிச்சு, கைய ஒதறிட்டு, கன்னிப்பெட்டிய அவுத்துத் தொறந்தா. வருசா வருசம் புதுச்சேலைன்னு காட்டுவான்லா? உள்ள ஒரே ஒரு சேலைதான் இருந்துச்சு. சாயம் போன பழஞ்சேலை. அதையே வருசா வருசம் தொவைச்சுக் கஞ்சி போட்டு, மடிச்சு மடிச்சுக் காட்டியிருக்கான் பாவிப்பய. ஆவுடை அத விரிச்சு ஊருக்கே தூக்கிக் காட்டுனா. வெளிச்சம் ஓட்டை வழியா வருது.

"சாமின்னு கும்பிட்டவளுக்கே ஒரு சேலை எடுக்காதவன், எம் மகளுக்கா எடுத்துரப் போறான்? நாந்தான் புத்தி கெட்டுப் போயி வந்து நின்னேன்"னா. சேலைய அவன் கால்ல போட்டா. நடந்தா.

நேரா கொளத்துக்குப் போனா. படித்துறையில துணி தொவைச்ச பொம்பளைக பாக்காவ, இவ கட்டுன சேலையோட எறங்குதா. முங்குதா, எந்திரிக்கா. முங்குதா, எந்திரிக்கா.

"எளா ஆவுடை, யாருக்குளா தலை முழுகுத?"

"எங்க அண்ணனுக்கு. இன்னைக்குச் செத்துப் போனான்."

ஈரத்தோட கரையேறுனா. தலை முழுகுனாலும் மனசு ஆறிருமா? மகளுக்கு என்ன பதில் சொல்லன்னு அப்பத்தான் அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சாம். அதுக்குள்ள வத்தல் யாவாரி வண்டிய நிப்பாட்டிட்டு எறங்கி வந்தாரு. பால்வண்ணம் பொறத்தாலயே ஓடி வாறான், "அண்ணாச்சி, வெலையக் கொறச்சுக்கிடுதேன், போயிராதிய"ன்னு.

யாவாரி திரும்பிப் பாத்தாரு. "கூடப்பொறந்தவ முன்னால நிக்கும்போதே செத்துட்டான்னு சொன்ன வாயி, நாளைக்கு வித்த வீட்ட விக்கலன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆவும்? நீரு சும்மா குடுத்தாலும் வேண்டாம்வே"ன்னாராம். பொறவு தாம்பூலத் தட்ட ஆவுடைகிட்ட நீட்டுனாரு. "நல்ல காரியம்னு எடுத்த தட்டத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோவக் கூடாது தங்கச்சி. மருமவளுக்கு இதுதான் மாமன் சேலை. என்னைக்குன்னு சொல்லு, நான் வந்து நிக்கேன்." சொன்ன மாதிரியே வத்தல் வண்டியோட வந்து, மாமன் எடத்துல நின்னு, பிள்ளைக்கு மாலை போட்டாராம். மாமியாக்காரி தன் கையாலயே அவருக்குச் சோறு வெளம்புனா.

பொறவும் பால்வண்ணம் வீட்ட விக்கப் பாத்தான். வெலையக் கொறச்சான், தரகனுக்குக் கூடக் குடுத்தான். ஒண்ணும் நடக்கல. ஊருக்கு அதுக்கு அப்பறம்தான் ரோசம் வந்துச்சு. லேட்டா வந்த ரோசம், இருந்தாலும் வந்துச்சு. ஊருக்குள்ள நொழஞ்சதும் எவனாவது, "பால்வண்ணம் வீடு எது? வெலைக்கு வருதாமே"ன்னு கேட்டா, படித்துறையில நிக்க பொம்பளைக ஒரே மாதிரி சொல்லுவாவளாம், "அவரா? செத்துல்லா போனாரு. தங்கச்சி தலை முழுகிட்டாளே"ன்னு. பால்வண்ணம் ஓடி வந்து, "நான் இருக்கேன், நான்தான் பால்வண்ணம்"னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டுச் சொல்லுவான். வந்தவன் இவன் மூஞ்சியப் பாப்பான், அவுக மூஞ்சியப் பாப்பான், வண்டியத் திருப்பிருவான். கடைசியில நெசமாவே செத்தப்பவும், "இவன் எப்பமோ செத்தவன்லா"ன்னுட்டு ஊரு பாதி பேரு எழவுக்கே போவலயாம்.

அன்னையில இருந்து அந்த ஊருல ஒரு வழக்கம். எந்த வீட்டுக்கு வெலை பேசப் போனாலும், தாம்பூலத் தட்ட மொதல்ல அந்த வீட்டுல பொறந்த பொண்ணு கையில குடுக்கணும். எத்தன வயசானாலும், எந்த ஊருல வாக்கப்பட்டிருந்தாலும் கூட்டிட்டு வந்து நிப்பாட்டணும். அவ வாங்குனாத்தான் மத்த பேச்சு. அவ முங்குன எடத்துக்கு ஆவுடை துறைன்னு பேரு. இன்னைக்கும் அண்ணந்தம்பி தகராறுன்னா, "என்ன, ஆவுடை துறைக்குப் போவணுமா?"ன்னு கேட்டாப் போதும், அடங்கிருவான்.

அந்த வீடும் நிக்கத்தான் செய்யுது. பால்வண்ணம் வம்சத்துப் பயலுவ மெட்ராஸ்ல இருந்து வந்து, சுண்ணாம்பு அடிச்சு, விற்பனைக்குன்னு போர்டு மாட்டி, போன் நம்பரும் எழுதிட்டுப் போயிருக்கானுவ. போன மாசங்கூட ஒருத்தன் கார்ல வந்தான். நல்ல வீடா இருக்கே, ஏன் வெலை போவலன்னு முக்கு டீக்கடையில விசாரிச்சான். டீ ஆத்துதவன் ஆத்துன கைய நிப்பாட்டாமலே சொன்னான், "அது செத்தவன் வீடுல்லா அண்ணாச்சி. செத்தவன் எப்படி வீடு விப்பான்?"