மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டான்

— மறுபடியும் முதல்லேருந்து சொல்லு. அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்க? ஒருத்தர் விடாம, வரிசையா.

— போலீஸ் மாதிரி கேக்கறீங்க அத்தை.

— பதினெட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையா இருந்தவ அப்படித்தான் கேப்பா. சொல்லு.

— பயிற்சி குடுக்கற மேடம். மேசையைச் சுத்தி அஞ்சு டீச்சருங்க. அம்மாவா நடிச்சது ஒரு கணக்கு டீச்சர். அப்பா வேஷம் பி.டி. சாருக்கு. தலைமை ஆசிரியரா, தொண்டை கட்டின ஒரு சயின்ஸ் சார். வகுப்பு டீச்சரா, லைப்ரரி பாத்துக்கற அம்மா. ஒருங்கிணைப்பாளரா, புதுப் பேனாவோட வந்த ஒரு சின்னப் பொண்ணு. சுவரோரமா வேடிக்கை பாக்க ஒம்பது பேர். கதவுக்கிட்ட டீ கொண்டு வந்த பெரியவர். அப்புறம் நான்.

— நீ எங்க இருந்த?

— மேசைக்கடியில.

— அப்போ உன் சின்ன அத்தை போன்ல சொன்னது நிஜம். நான் அவளைப் பொய் சொல்றேன்னு திட்டி வெச்சேன்.

— பாவம் சின்ன அத்தை. வருஷத்துல ஒரு தடவை நிஜம் சொல்றாங்க, அன்னிக்கும் திட்டு.

— சிரிக்காதே. நாப்பத்திரண்டு வயசு. ரெண்டு பிள்ளை பெத்தவ. எங்கப்பா வாத்தியார், உங்கப்பன் வாத்தியார், நான் வாத்தியார். இந்த வீட்டுல ஒருத்தரும் இதுவரைக்கும் மேசைக்கடியில போனதில்ல.

— போயிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

— வாயை மூடு. உக்கார ஒரு நாற்காலி இருக்கா இங்க? இது என் முழங்கால் உயரம்கூட இல்ல.

— எல்லாம் பசங்க நாற்காலிதான் அத்தை. அந்தப் பெட்டி மேல உக்காருங்க. தாங்கும்.

— ம். கடிகாரம் நின்னுபோயிருக்கு பாரு.

— நான்தான் பேட்டரியை எடுத்தேன். ஒரு பையனுக்கு அந்த டிக் டிக் ஆகாது. காதைப் பொத்திக்கிட்டு அழுவான். இப்போ அழறதில்ல.

— நல்ல ரூம்தான். பழைய ஸ்டோர் ரூம் வாசனை இன்னும் போகல.

— சான்றிதழ் இல்லாம இதைத் திறந்து வெக்கக் கூடாதாம். புது விதி. பயிற்சி முடிச்ச ஒருங்கிணைப்பாளர் இருந்தாத்தான் ரூம். இல்லன்னா பூட்டிடுவாங்க. தனிக் கவனம் வேண்டிய பதினோரு பசங்க. அவங்களைத் திரும்ப வகுப்புல கடைசி பெஞ்சுல உக்கார வெச்சிடுவாங்க, இல்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— இதெல்லாம் தெரிஞ்சுதானே அந்தப் பயிற்சிக்குப் போன? ஆறு மாசப் பயிற்சி, அஞ்சு மாசம் ஒழுங்கா போயிட்டு, கடைசியில மேசைக்கடியில போற. அது எந்தப் பாடத்துல வருது?

— கார்டுல வந்துச்சு.

— என்ன கார்டு?

— நடிச்சுப் பழகற நாள் அத்தை. ஒரு பையனைப் பள்ளிக்கூடத்துல வெச்சுக்கறதா, வேற எங்கயாவது அனுப்பறதான்னு முடிவு பண்ற கூட்டம். ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கார்டு. அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, இப்படி. பையனுக்கும் ஒரு கார்டு இருந்துச்சு. அதை யாரும் எடுக்க மாட்டாங்க. எப்பவும் அந்த நாற்காலி காலியாத்தான் இருக்குமாம். நான் எடுத்தேன்.

— எதுக்கு எடுத்த?

— காலியா இருந்துச்சே.

— என்ன எழுதியிருந்துச்சு அதுல?

— ‘எட்டு வயசு. அதிகம் பேச மாட்டான். மணி அடித்தால் மேசைக்கடியில் போய்விடுவான். வசனம் இல்லை.’ அவ்வளவுதான். உக்காந்தேன். அஞ்சு பேரும் பேசறாங்க. நான் பேசல, வசனம் இல்லையே. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்குன்னு சொல்ல மேடம் மணி அடிச்சாங்க.

— போயிட்ட.

— போயிட்டேன். கார்டுல போட்டிருக்கறதைச் செய்யாம இருக்க முடியுமா? நீங்க வளத்த பொண்ணு அத்தை.

— என் தலையில கட்டாதே. அப்புறம்?

— அப்புறம் ஒண்ணுமில்ல. கீழேருந்து பாத்தா பத்துக் கால். பி.டி. சாரோட ஷூ லேஸ் அவிழ்ந்து கெடக்கு. எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசறாங்க. அவனுக்கு எது நல்லது, அவனோட எதிர்காலம், அவனோட பாதுகாப்பு. பத்துக் கால்ல ஒண்ணுகூட என் பக்கம் திரும்பல. நான் அங்க இல்லங்கறதை ஒருத்தரும் பாக்கல. பாத்தது டீ கொண்டு வந்த பெரியவர் மட்டும்தான். குனிஞ்சு, ‘என்னம்மா கீழ உக்காந்துட்ட, ஏதாவது வேணுமா?’ன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— வசனம் இல்லையே. தலையை ஆட்டினேன். ஒரு பிஸ்கட் குடுத்தாரு.

— தின்னியா?

— தின்னேன். நல்லா இருந்துச்சு.

— அதோட எழுந்து வந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, முடிஞ்சிருக்கும்.

— எழுந்திருக்கத்தான் போனேன். அப்போதான் புதுப் பேனாப் பொண்ணு ஃபாரத்தைச் சத்தமா படிச்சா. பையனை வேற பள்ளிக்கு அனுப்பறதா முடிவு. கீழ ஒரு கட்டம் இருக்கும், குழந்தையின் கருத்து. அதுல எழுதியிருந்தா: ‘மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டான்.’

— யார் ஒப்புக்கிட்டது?

— நான்தான். மேசைக்கடியில பிஸ்கட் தின்னுக்கிட்டு மகிழ்ச்சியா ஒப்புக்கிட்டேன். அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. சரிபார்த்தேன்னு மேடமும் போட்டாங்க. கைதட்டல் வேற. அதுக்கப்புறம்தான் நான் வெளிய வரமாட்டேன்னு சொன்னேன். யாராவது என்னைக் கேட்டாத்தான் வருவேன்.

— கேட்டாங்களா?

— ‘நேரமாச்சு, போட்டோ எடுக்கணும், விளையாடாதீங்க’ன்னாங்க. நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். கால் மரத்துப்போச்சு. கடைசியில அவங்க மேசையைத் தூக்கிட்டாங்க.

— மேசையையா?

— ஆளைத் தூக்க முடியல, மேசையைத் தூக்கிட்டாங்க.

— உன் பாட்டனார் மாதிரி கனமான உடம்பு உனக்கு.

— இப்போ மன்னிப்புக் கடிதம் குடுக்கணும். குடுத்தா சான்றிதழ். இல்லன்னா பேரை அடிச்சிடுவாங்க. நாலு மணிக்கு மேடமே வர்றாங்க வாங்கிட்டுப் போக.

— குடுத்துடு. ரெண்டு வரி. நம்ம பேரு ஊர் வாயில விழுந்து கெடக்கு. நான் அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்.

— கையெழுத்துப் போட்டா அந்தக் கட்டத்துல எழுதினது சரின்னு ஆயிடும் அத்தை.

— போடலன்னா ரூம் போயிடும்.

— தெரியும். மூணு நாளா தூக்கமில்ல. இங்க வர்ற பசங்க முகத்தைப் பாத்தா போட்டுடலாம்னு தோணுது. அதே முகத்தைப் பாத்தா போடக் கூடாதுன்னும் தோணுது. யாரோ கதவைத் தட்டறாங்க. வாங்க மேடம், தள்ளித் திறங்க, கதவு சிக்கும்.

— வணக்கம், வணக்கம். ஐயோ, பெரிய மேடம்! நீங்க இங்கயா? நான் எதிர்பாக்கவே இல்ல. என்னை ஞாபகம் இருக்கா?

— மூணு வருஷம் என்கிட்ட வேலை பாத்தவளை மறப்பேனா? லேட்டா வந்தாலும் நோட்டு திருத்தறதுல சுத்தம். உக்காரு. நாற்காலி சின்னதுதான்.

— பரவால்ல மேடம். ஆக்சுவலா நீங்க இருக்கறது நல்லதாப் போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இவங்க மேல கோபமே கிடையாது. ஒரு ப்ராசஸ் இருக்கு, அவ்வளவுதான். லெட்டர் நானே கொண்டு வந்துட்டேன். கையெழுத்துப் போட்டா போதும்.

— குடு, நான் படிக்கறேன். ‘பயிற்சியின்போது நான் நடந்துகொண்ட விதத்துக்காக வருந்துகிறேன். சக ஆசிரியர்களிடம் முழு மனதுடன் மன்னிப்புக் கோருகிறேன்.’ இதை யார் எழுதினது?

— நான்தான் டைப் பண்ணேன் மேடம். அவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு.

— அவளைக் கேட்டியா?

— இதுல கேக்கறதுக்கு என்ன மேடம் இருக்கு?

— முழு மனசுன்னு போட்டிருக்கியே. அவ மனசு முழுசா, அரையா, காலான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அது ஒரு வழக்கமான வார்த்தைதானே மேடம்.

— அந்த ஃபாரத்துல எழுதினதும் வழக்கமான வார்த்தையா?

— அது சும்மா பயிற்சிக்கு மேடம். நிஜப் பையன் இல்ல, நிஜ ஃபாரம் இல்ல.

— பயிற்சி சும்மான்னா மன்னிப்பும் சும்மாதானே? அதை மட்டும் எதுக்கு நிஜமா கேக்கற?

— அத்தை, விடுங்க.

— நீ சும்மா இரு. வசனம் இல்ல உனக்கு. இங்க பாரும்மா, நான் இவளைத் திட்டிக் கையெழுத்துப் போட வெக்கத்தான் வந்தேன். எங்க வீட்டுப் பொண்ணு தப்புப் பண்ணியிருந்தா நானே கையைப் பிடிச்சுப் போட வெப்பேன். ஆனா யாரும் கேக்காத பிள்ளையைக் கேட்டு, அவன் ஒத்துக்கிட்டான்னு எழுதறது என் கணக்குல பொய். பொய்க்கு எங்க வீட்டுல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

— மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த வாக்கியமே உங்களோடதுதான்.

— என்னது?

— இந்தாங்க, எங்க பயிற்சிக் கையேடு, பாருங்க. அறுபத்திரண்டாம் பக்கம். ஃபாரம் எப்படி நிரப்பணும்னு ஒரு மாதிரி குடுத்திருக்கோம். அசல் ஃபாரத்தை அப்படியே படம் எடுத்து, பேரை மட்டும் மறைச்சுட்டோம். நீங்க ஒரு பொண்ணை மாத்தி அனுப்பினப்போ நிரப்பின ஃபாரம் அது. ‘மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டாள்.’ பத்து வருஷமா எல்லா பேட்சுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுக்கறோம். அன்னிக்கு ஃபாரம் நிரப்பின பொண்ணு இதைப் பாத்துத்தான் எழுதினா. நான் உங்களைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்.

— என் கண்ணாடி எங்க?

— இந்தாங்க அத்தை.

— ம். என் கையெழுத்துத்தான். ‘ள்’ போடும்போது கீழ ஒரு வளைவு வரும் எனக்கு.

— பாத்தீங்களா? அழகா, முறையா எழுதியிருக்கீங்க. ஒரு குறை சொல்ல முடியாது.

— இந்தப் பொண்ணு... பென்சில் சீவிக்கிட்டே இருந்தா. ஆபீஸ்ல நாங்க பேசி முடிக்கற வரைக்கும். ஒரு முழுப் பென்சில், விரல் நுனி அளவுக்கு வந்துடுச்சு.

— பாருங்க, எவ்வளவு ஞாபகம் உங்களுக்கு!

— தரையெல்லாம் சீவல். அள்ளுன்னு சொன்னேன்.

— அப்புறம் அத்தை?

— அள்ளினா.

— அதுக்கப்புறம் என்ன கேட்டீங்க அவளை?

— வெள்ளைத்தாள் இருக்கா இங்க? கோடு போடாதது.

— அத்தை, எனக்காக நீங்க எதையும் எழுதிக் குடுக்காதீங்க. சொல்லிட்டேன். அப்படி ஒரு சான்றிதழ் எனக்கு வேண்டாம்.

— தாளைக் குடு. பேனா என்கிட்ட இருக்கு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாதீங்க.

— மேடம், நீங்க பெரியவங்க. நீங்க எழுதினாப் போதும், நான் அதையே ஏத்துக்கறேன். இவங்க போடலன்னாலும் பரவால்ல.

— இந்தா. படி.

— ஐயோ. மேடம். இது வேண்டாம் மேடம்.

— ஏன்? எழுத்து புரியலையா?

— இது மேல போச்சுன்னா கையேட்டையே திரும்ப அச்சடிக்கணும்.

— அடிங்க.

— பத்து வருஷமா இதைப் படிச்சவங்க இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் என்ன சொல்றது?

— கூப்பிட்டுச் சொல்லுங்க. அதுக்கும் ஒரு ப்ராசஸ் வெச்சிருப்பீங்களே.

— உங்க பேரு கெட்டுடும் மேடம். உங்க பேர்ல ஒரு விருதுகூட...

— என் பேரு. அதை நான் பாத்துக்கறேன். இப்போ காது குடுத்துக் கேளு. இந்தக் கடிதம் எப்படியும் மேல போகும், இன்னிக்கே, நானே தபால்ல போடுவேன். இவ பேரை அடிக்கச் சொல்லி நீ மேல எழுதினேன்னா, இதுகூட அந்தப் பிஸ்கட் பையனோட ஃபாரத்தையும் பாக்கச் சொல்லி நானும் எழுதுவேன். அதுல ஆறு கையெழுத்து இருக்கு. ஆறாவது உன்னோடது.

— அந்த அளவுக்குப் போக வேண்டாம் மேடம். திங்கட்கிழமை அவங்க எப்பவும் போல வரட்டும்.

— வரட்டும்னு நீ வரம் குடுக்க வேண்டாம். வருவா. அஞ்சு மாசம் உழைச்சிருக்கா.

— வர்றேன் மேடம். பையனோட கார்டை எனக்கே எடுத்து வெச்சிடுங்க.

— நீ அடங்க மாட்டியா?

— சரி மேடம், நான் கெளம்பறேன். அப்போ நான் டைப் பண்ண இந்த லெட்டர்...

— அது உன் வார்த்தை. உன் முழு மனசு. வேணும்னா நீயே கையெழுத்துப் போட்டுக்க.

— ...வரேன் மேடம்.

— கதவை இழுத்துச் சாத்திட்டுப் போ. சிக்கும்.

— அத்தை. என்ன எழுதினீங்க அதுல?

— தபால் ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடுவானா?

— சனிக்கிழமை அஞ்சரை. பேச்சை மாத்தாதீங்க. எழுந்திருக்காதீங்க. தண்ணி குடிங்க.

— இந்தப் பெட்டி ஆடுது.

— அதை நாலு பசங்க ஏறி மிதிப்பாங்க. ஆடாது.

— அந்தப் பொண்ணுக்கு இப்போ முப்பது வயசு இருக்கும். பழைய ரெஜிஸ்டர்ல விலாசம் இருக்கும், இல்ல? எனக்குத் தேடத் தெரியும். இதோட நகல் ஒண்ணு அவளுக்கும் போகணும். பேரு மறக்கல.

— போன் அடிக்குது அத்தை. உங்களுக்குத்தான். சின்ன அத்தை.

— குடு இங்க. ...ஆமா, இங்கதான் இருக்கேன். ...அதுக்குள்ளயா? அவ வாசல் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகல. ...யார்கிட்ட சொன்னாளாம்? ...நான் வந்து உக்காந்து மிரட்டினதும் இவ பயந்து மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டான்னா? நல்லா இருக்கு. ...குறுக்க பேசாதே, கேளு. கேக்கறவங்களுக்கெல்லாம் இதை அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை கூட்டாதே. நம்ம வீட்டுலேருந்து ஒரு மன்னிப்புக் கடிதம் போகுது, அது நிஜம். இவ எழுதல. நான் எழுதினேன், நான் கேக்காமலே அனுப்பி வெச்ச ஒரு பொண்ணுக்கு.