தம்பி ஹாஸ்டல்ல கத்துக்கிட்ட வார்த்தைங்க

இல்லம்மா டீச்சர், ஆப்பிளும் பூனையும் போட்ட இந்தப் புத்தகம் எனக்கு வேண்டாம். அதெல்லாம் தெரியும். சாயங்காலம் பெரிய பெரிய வார்த்தையா சொல்லிக்குடுக்கறீங்களாமே, அந்த வகுப்புல சேத்துக்குங்க.

சிரிங்க, பரவால்ல. நான் படிச்சது ஆறாவது வரைக்கும்தான். அம்மா போனதும் தையல் மெஷின்ல உக்காந்துட்டேன், தம்பி படிக்கணுமே. ஆனா அவனை இங்கிலீஷ் ஒப்பிக்க வெச்சவ நான்தான். மெஷினை மிதிச்சுக்கிட்டே கேப்பேன், அவன் அர்த்தம் சொல்லுவான். அப்படியே எனக்கும் ஒட்டிக்கிச்சு. பன்னெண்டாவது முடிச்சு அவன் ஹாஸ்டலுக்குப் போனான், என் இங்கிலீஷ் அதோட நின்னுபோச்சு.

இப்ப அவன் வீட்லதான் இருக்கேன். தம்பி பொண்டாட்டி தங்கமான பொண்ணு, குறை சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல பேசுவாங்க, அக்காவுக்கு என்ன புரியப்போகுதுன்னு. நானும் மரக்கட்டையா உக்காந்திருப்பேன். தப்புதான், சொல்லவே கூசுது. ஆனா காதைக் கழட்டியா வைக்க முடியும்?

போன வாரம் நானே கெடுத்துக்கிட்டேன். சாப்பிடறப்போ, மாடி வீட்டுக்காரர் பாட ஆரம்பிச்சா நம்ம ஃபேன் பயந்து நின்னுடுதுன்னு தம்பி இங்கிலீஷ்ல சொன்னான். நான் களுக்குன்னு சிரிச்சுட்டேன். ரெண்டு பேர் கையும் தட்டுலயே நின்னுடுச்சு. அவ முகம் வெளுத்துப்போச்சு. இத்தனை நாளா என்னென்ன பேசினோமோன்னு நெனைச்சிருப்பா, பாவம். எனக்கு எந்திரிச்சு எங்க போய் ஒளியறதுன்னு தெரியல.

மறுநாள்லருந்து எல்லாம் பெரிய வார்த்தை. ஒண்ணும் பிடிபடல. நடுவுல நடுவுல அக்கான்னு மட்டும் தமிழ்ல வருது.

பேசறதுக்கா? ஐயோ, பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். காதுல விழுந்தா புரியணும், அவ்வளவுதான். கடைசி பெஞ்சுல ஓரமா உக்காந்துக்கறேன். வீட்ல காய் வாங்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்.

சேச்சே, சண்டை போடறதுக்கெல்லாம் இல்லம்மா. அவளுக்கு இது ஏழாவது மாசம். இருக்கறதே ரெண்டு ரூம், அதுல ஒண்ணுல நான். அதை எங்கிட்ட தமிழ்ல சொல்ல தம்பிக்கு நாக்கு எழாது, தவிச்சுப்போயிடுவான். எனக்கே முன்னாடி புரிஞ்சுட்டா, ஏதோ ஒரு சாக்குச் சொல்லிட்டு நானே கிளம்பிடுவேன்ல.