கேட்காமல் தொட்டதில்லை

செஞ்சி வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நீங்களும் சிரித்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏட்டையா காகிதமும் பேனாவும் கொடுத்து, "நடந்தத உங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்றார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுதுகிறேன்.

என் பெயர் ஆதிலட்சுமி. வயது முப்பத்தெட்டு. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜகோபாலின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

திண்டிவனத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இரண்டு காரியம் கற்றுக்கொண்டேன். ஒன்று கம்பளி பின்னுவது. இன்னொன்று, கண் தெரியாதவர்களை எப்படி அழைத்துப் போவது என்பது. கேட்காமல் அவர்களைத் தொடக்கூடாது. கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. நம் முழங்கையை நீட்ட வேண்டும், வேண்டுமானால் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். படி வந்தால் எத்தனை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களும் நம்மைப் போல மனிதர்கள், மூட்டை முடிச்சு இல்லை என்பார் டீச்சரம்மா. இந்த ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தைலம்மாள் எங்கள் பின்தெரு. மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை சுமக்கும் தனகோட்டியின் மகள். ஆறு வயதில் அம்மை வார்த்துக் கண் போய்விட்டது. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், பார்வை திரும்பவில்லை. வளர்ந்த பிறகும் அவள் அம்மா அம்மாக்கண்ணு அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுதான் தெருவில் போவாள். முதல் நாள் நான் பக்கத்தில் போய், "தைலம், என் கையைப் புடிச்சிக்கிறியா?" என்று கேட்டேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லக்கா" என்றாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஆறு வருஷம் நான்தான் அவளுக்குக் கண்.

அறுபத்திரண்டில் சீனாக்காரன் சண்டை வந்தது. ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னித் தரச்சொல்லி மாதர் சங்கத்தில் கம்பளி நூல் கொடுத்தார்கள். நான் தைலத்துக்கும் கற்றுக்கொடுத்தேன். பத்தே நாளில் பிடித்துக்கொண்டாள். நான் பின்னியதை மடியில் போட்டு விரலால் தடவிக்கொண்டே வருவாள். "அக்கா, அக்குள்கிட்ட ஒரு கண்ணி விட்டுப்போயிருக்குது" என்பாள். பார்த்தால் விட்டுத்தான் போயிருக்கும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் பிரித்துப் பின்னுவேன்.

இனி அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை நான் எழுத மாட்டேன். வாயால் சொல்லியும் பழக்கமில்லை. ஊர்ச் சுவரெல்லாம் சினிமா போஸ்டரில் ஒட்டியிருக்கிற பெயர்தான், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகள் மன்றம் வைத்துக் கொடி கட்டி, எதிர்க்கட்சி நடிகரின் ஆட்களோடு அடித்துக்கொள்வார்கள். நானும் தைலமும் சத்தமில்லாத மன்றம். டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கம் மணலைக் குவித்து உட்காருவோம். திரையில் நடப்பதையெல்லாம் அவள் காதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது திரும்புகிறார், இப்போது ஒரு புருவத்தைத் தூக்குகிறார், அழப்போகிறார், ஆனால் அழவில்லை. ஒரே படத்தை ஏழு தடவை பார்த்திருக்கிறோம். தைலத்துக்கு அவரைக் காட்டியவள் நான். அவள் மனதில் இருந்த முகம் நான் கொடுத்த முகம்.

அவருக்குப் பனி ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. வெளிர்நீலத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் அவருக்கு முப்பத்தொரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பெரிய மனிதர், வேலை இருக்கும். தைலம் சொல்லச் சொல்ல அவளுக்கும் ஒன்பது கடிதம் எழுதிக்கொடுத்தேன். அவற்றை நான் தபாலில் சேர்க்கவில்லை. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் எழுதினால் அவருக்குக் குழப்பம்தானே என்று நினைத்தேன். கிழித்துப் போடவும் இல்லை. என் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

போன தை மாதம் தைலம் ஒரு உறையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவித் தனியாகவே என் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "படிச்சி சொல்லுக்கா" என்றாள். அவர் எழுதியிருந்தார். என்னிடம் மிஞ்சிய நீல நூலை அவளுக்குக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு மப்ளர் பின்னி, தபால் ஆபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதும் ராஜாங்கத்திடம் கடிதம் எழுதச் சொல்லி, எனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாள். பங்குனியில் செஞ்சிக் கோட்டையில் படப்பிடிப்பு, அப்போது அவசியம் வந்து பார்க்கவும் என்று எழுதி, ஒரு போட்டோவும் வைத்திருந்தார். கழுத்தில் அந்த மப்ளர்.

"எப்பிடிக்கா இருக்காரு? சிரிக்கிறாரா?"

"இல்ல. கொஞ்சம் கோவமா இருக்காரு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் ஏமாந்துபோனேன், ஐயா. இதை மறைப்பதில் பிரயோசனமில்லை. ஆறு வருஷம் படி சொல்லி, பள்ளம் சொல்லி, படம் சொல்லி வளர்த்த பெண் என் முதுகுக்குப் பின்னால் இன்னொருவனிடம் போயிருக்கிறாள். என் நூலிலேயே பின்னியிருக்கிறாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் தெரியாத பெண்ணிடம் சண்டை போடுவது மரியாதை இல்லை.

கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரி மேல் படப்பிடிப்பு. ராஜாங்கம் துணைக்கு வருகிறேன் என்றார், நான் இருக்கிறேனே என்று சொல்லிவிட்டேன். முந்தின நாளே தனியாக மலையேறிப் படிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். மறந்துவிடக்கூடாது என்று ஒரு நீல நூலில் பத்துப் படிக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். படி திரும்புகிற இடத்துக்கு இரட்டை முடிச்சு. எந்தக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்கிறவள் நான்.

மேலே மண்டபத்தில் ராஜா வேஷத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். தைலத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "மப்ளர் நீ பின்னினதாம்மா? கண்ணுள்ளவங்க பின்னினதுல இப்படி ஒரு சீர் வராது" என்றார். அவள் தலையில் கை வைத்தார். அவளைக் கேட்காமல்தான் வைத்தார். அவள் அழுதாள். இதற்கு முன்னால் அனுப்பிய ஒன்பது கடிதமும் வந்ததா என்று கேட்டாள். "உன் பேர்ல வந்த முதல் கடுதாசியே இதுதானேம்மா" என்றார்.

நான் ஸ்வெட்டரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "இவங்க யாரு, உன் துணைக்கு வந்தவங்களா?" என்று அவளிடம் கேட்டார். "ஆமாண்ணே, எங்க ஊரு அக்கா. நல்ல மாதிரி கூட்டிக்கினு வருவாங்க" என்றாள் தைலம். முப்பத்தொரு கடிதம் எழுதிய கையை அவர் பார்க்கவே இல்லை. என் பெயரைக் கேட்கவும் இல்லை. ஸ்வெட்டரைப் பக்கத்தில் நின்ற மேக்கப்காரரிடம் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது அந்த ஆள் அதைச் சுருட்டி, கொதிக்கிற காப்பிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

மத்தியானம் இறங்கினோம். கூட்டமெல்லாம் மேலே இருந்தது. தைலம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் படிகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அக்கா, நீ சொன்ன மாதிரி இல்ல அவரு. கொரல்ல ஒரு சலிப்பு இருக்குது. பாவம், தூக்கமே இல்ல போலிருக்குது" என்றாள். நான் கொடுத்த முகத்தை அவள் கழற்றி வைத்துவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், "அந்தக் கடுதாசியெல்லாம் நீ போடல இல்ல?" என்றாள். நான் அடுத்த படியைச் சொன்னேன். "பரவால்லக்கா. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நீ எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கே. இனிமே ராஜாங்கண்ணனே எழுதட்டும். உனக்கு எதுக்கு வீண் செரமம்?" என்றாள். சொல்லிவிட்டு என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள்.

என்னை மன்னித்தாள், ஐயா. அவள் என்னை.

இடிந்த மண்டபத்துக்குக் கீழே படி இடதுபக்கம் திரும்பும். நேராகப் போனால் பாறை, அப்புறம் ஒன்றுமில்லை. இரட்டை முடிச்சு விழுந்த இடம் அதுதான். அங்கே நின்றேன்.

"தைலம், கொஞ்சம் கைய விடுறியா? முந்தானைய சரி பண்ணிக்கிறேன்" என்றேன். விட்டாள்.

"படி முடிஞ்சிபோச்சி. நேரா நாலடி வை, நெழல் இருக்குது. உக்காந்துக்கோ."

சரிக்கா என்று நடந்தாள். என் வார்த்தையை நம்பி நடக்கும்போது அவள் காலால் தடவிப் பார்க்கவே மாட்டாள், நம்மைப் போல வீசித்தான் நடப்பாள். கற்றுக்கொடுத்தவள் நான். நாலு அடி தேவைப்படவில்லை. மூன்றாவது அடிக்கே தரை இல்லை.

நான் தள்ளவில்லை. விரல்கூடப் படவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மேலே போய் ஆள் கூப்பிட்டேன்.

நீங்கள் விபத்து என்றுதான் எழுதிவைத்தீர்கள். தனகோட்டி என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எட்டாம் நாள் அம்மாக்கண்ணு என் வீட்டு வாசலில் நின்று, "அந்தக் கைய நீ இறுக்கிப் புடிச்சிருந்தா எம்பொண்ணு இருந்திருப்பாளே, லட்சுமி" என்று அழுதாள். கடைத்தெருவிலும் அதே பேச்சு. கண் தெரியாதவளை அழைத்துப் போக எனக்குத் தெரியவில்லையாம், கவனம் போதவில்லையாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். முடிச்சுப் போட்ட நூலை இதோடு வைத்திருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு படிகூடத் தப்பாக எண்ணவில்லை. அங்கே தரை இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். தைலம்மாளைக் கொன்றது நான். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள்.

நான் இங்கே வந்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அவளைக் கடைசியாகப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பதால், சாட்சி சொல்ல அவரைக் கோர்ட்டுக்கு அழைக்க வேண்டியிருக்கும் என்று ஏட்டையா சொன்னார். அப்படி அவர் வந்து நிற்கிற அன்று, இந்த வாக்குமூலத்தை அவருக்கு முன்னால் வாசிப்பார்கள் அல்லவா? என் பெயரிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.