மூன்று சில்லு போதும்

நெடுந்தீவில் ஓடுவதற்கு வாகனம் பார்க்கிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் முடுக்கிப் பார்க்கிறார்கள். அது பிழை. நிலத்தில் படுத்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் தீவில் எஞ்சின் பழுதாகி நின்ற வாகனங்களைவிட உப்புக்காற்றில் அடி இற்றுப் போனவைதான் அதிகம். இதை உங்கள் தம்பிக்கும் சொன்னேன். அவர் வெள்ளைச் சேட்டோடு மணலில் படுத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். சொன்னதை அப்படியே செய்கிற மனிதர்.

முருகேசு அண்ணை, நீங்கள் வட்டுக்கோட்டையிலிருந்து வாழைக்குலையோடு வள்ளம் ஏறி வந்து, உங்கள் தம்பி சிவபாதத்தின் கடைசி நேரத்தில் கூட நின்றதற்காக எனக்கு நன்றி சொல்கிறீர்கள். எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது சொல்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டு இருங்கள். சோளகக் காற்று அடங்கிவிட்டது. பின்னேர வள்ளம் நிச்சயம் போகும்.

நான் ஓமானில் எண்ணெய் தேடுகிற முகாம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவன். அங்கேதான் வலதுகால் நசிந்தது. குழாய் விழுந்தது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பி வந்த நாளிலிருந்து என் தங்கை இராசேஸ்வரிதான் என்னைப் பார்க்கிறாள். காலையில் கைபிடித்து எழுப்புவாள், கிணற்றடிக்குக் கூட்டிப் போவாள், எனக்குப் பிடித்த மாதிரிச் சமைப்பாள். அவளுக்கு வந்த சம்பந்தங்களில் எல்லாம் ஏதோ ஒரு குறை இருந்தது. ஒருவருக்குக் குடி, இன்னொருவருக்குத் தாய் பொல்லாதவள். நான்தான் விசாரித்துக் கண்டுபிடித்தேன். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அண்ணன் செய்ய வேண்டியது அது.

உங்கள் தம்பியிடம் ஒரு குறையும் கிடைக்கவில்லை. சுகாதாரப் பரிசோதகராகத் தீவுக்கு வந்தவர், எங்கள் கிணற்றுக்கு மருந்து போட வந்தார். பிறகு மருந்து போடத் தேவையில்லாத நாட்களிலும் வந்தார். என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் குசினியிலிருந்து வந்து, “அண்ணை, நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்” என்றாள். ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு மேற்குக் கரையில் அவருடைய அரசாங்க விடுதியில் இருப்பாள். எனக்குச் சமைத்துப் போட யோகம்மாவை ஒழுங்கு செய்து வைத்திருந்தாள். யோகம்மா நல்ல மனுசி, ஆனால் சம்பலுக்கு உப்புப் போடத் தெரியாது. அன்று முழுக்க எனக்கு நெஞ்சு எரிந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

அவள் சம்மதம் சொன்ன அந்த மாதத்தில்தான் வாகனக் கதை வந்தது. நிலத்தடித் தண்ணீர் பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரர்கள், நாட்டில் பிரச்சினை கூடியதும் தங்கள் இரண்டு மோட்டார் வண்டிகளையும் எங்கள் ஊர்க்காரர் தம்பிஐயா என்பவரின் வளவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றுக்கு நாலு சில்லு, மற்றதற்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று. இரண்டும் மோட்டார் சைக்கிள் போலக் கால் போட்டு ஏறி இருந்து ஓடுகிறவை, ஊதிய பலூன் போன்ற டயர்களில் மணலிலும் முருகைக்கல்லிலும் ஓடக்கூடியவை. சிவபாதம் சைக்கிளில் தீவு முழுக்க அலைந்து, நாளுக்கொரு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தம்பிஐயா சொன்ன விலை இரண்டுக்குமே கட்டுபடியானது. எதை வாங்குவது என்று கேட்டுச் சிவபாதம் என்னைக் கூட்டிப் போனார்.

“அண்ணை, நாலு சில்லுதானே நல்லது? விழாது” என்றார். “வாரத்திலை ஒருக்கா ராசேசை ஏத்திக்கொண்டு உங்களைப் பாக்க வரலாம்.”

வாரத்தில் ஒருக்கா. விருந்தாளி மாதிரி.

“விழாதுதான்” என்றேன். “ஆனா எங்கடை ஒழுங்கையள் இதுக்குக் காணாது. ரெண்டு பக்கமும் கல்வேலி. முன்னுக்கு ரெண்டு சில்லெண்டால் இறுகிப்போக ரெண்டு இடம், உப்புப் பிடிக்க ரெண்டு இடம். சாமான் எங்கை எடுக்கிறது? மற்றது பாரமில்லை. புதைஞ்சா ஒராளே தூக்கலாம். உங்களுக்கு மூண்டு சில்லு போதும்.”

“இவர் சொன்னாச் சரிதான்” என்றார் தம்பிஐயா. “ஓமானிலை இதுகளோடையே கிடந்தவர்.”

நான் அங்கே சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். மேலே ஒரு விசயமும் சேர்த்துச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

அவர் மூன்று சில்லு வண்டியையே வாங்கினார். எங்கள் முற்றத்தில் வைத்து நானே அவருக்கு ஓடப் பழக்கினேன். காற்று வடிகட்டியைக் கழுவுகிற விதம், சங்கிலிக்கு எண்ணெய் விடுகிற விதம், டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது, எல்லாம் பொறுமையாகக் காட்டினேன். இராசேஸ்வரி குசினி வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒற்றுமையாக இருந்தது அவளுக்கு அவ்வளவு சந்தோசம். ஆனி மாதம். சோளகம் பலமாக வீசியது. வள்ளம் ஓடாத நாட்களே அதிகம்.

எலுமிச்சம்பழம் நசித்து, தேங்காய் உடைத்து, அவர் வாசல் படலையைத் தாண்டிப் போனார். பிள்ளையார் கோயில் வளைவில் விழுந்தார். போய்ப் பார்த்தபோது வண்டி கல்வேலியில் ஏறிக் கவிழ்ந்து அவருக்கு மேலே கிடந்தது. இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லாதது போலத்தான். இறங்குதுறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் கடலில் வள்ளம் விட யாருக்கும் துணிவு வரவில்லை. பிறகு ஒருவர் சம்மதித்து வள்ளத்துக்கு எஞ்சினைப் பூட்டிக்கொண்டு நின்றபோதே சிவபாதத்தின் உயிர் போய்விட்டது. இராசேஸ்வரியின் மடியில்தான் தலை இருந்தது. நான் பக்கத்தில் நின்று குடை பிடித்தேன். நீங்கள் நன்றி சொன்னது அதற்குத்தான்.

இப்போது என் காலுக்கு வருகிறேன். குழாய் ஒன்றும் விழவில்லை. எங்கள் தீவில் சைக்கிள் ஓடிப் பழகிய எவருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. முருகைக்கல்லில் சில்லு வழுக்கினால் யோசிக்காமல் காலை நிலத்தில் ஊன்றிவிடுவோம். சைக்கிளுக்கு அது சரி. மூன்று சில்லு வண்டியில் அந்தக் காலுக்கு நேர் பின்னால் பெரிய டயர் வருகிறது. குதிக்காலைப் பிடித்துக் கெண்டைக்காலில் ஏறும், ஆளை இழுத்து நிலத்தில் போடும், வண்டியும் மேலே விழும். ஓமானில் எனக்கு நடந்தது அதுதான். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார மேலாளர் கட்டிலடியில் நின்று, இதில் ஏறினால் என்ன வந்தாலும் காலை எடுக்காதே என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அதை நான் சிவபாதத்துக்குச் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்று உங்களிடம் சொல்லி நான் தப்பலாம். தீவில் பொலிசும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆனால் நீங்கள் வாழைக்குலையோடு வந்திருக்கிறீர்கள். படலைக்குப் போகும் முன் அவர் என்னைப் பார்த்து, “வளைவிலை சரிஞ்சா என்ன செய்யிறது அண்ணை?” என்று கேட்டார். இராசேஸ்வரி அப்போதும் குசினி வாசலில்தான் நின்றாள். நான் அவருடைய தோளில் கை வைத்தேன்.

“சைக்கிள் மாதிரித்தான். பயமெண்டால் காலை ஊண்டுங்கோ” என்றேன்.

நான்தான் அவரைக் கொன்றேன். தெரிந்துதான் செய்தேன். நீங்கள் எழும்ப வேண்டாம், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இராசேஸ்வரியைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். என் காலின் உண்மையை அவளுக்கு மட்டும் பிறகு சொன்னேன், முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு. டயர் எப்படி ஏறும் என்று விளக்கமாகச் சொன்னேன். உடம்பில் ஊனம் உள்ள அண்ணனை விட்டுவிட்டு இனி எங்கும் போக நினைக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பை மூட்டினாள். முன்புபோலவே சமைக்கிறாள். யோகம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் மனதில் என்மேல் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பாளா?

அவள் இப்போது அதிகம் கதைப்பதில்லை, அது உண்மை. ஒரு நாளைக்கு ஒரு வசனம்தான். எங்கள் கிணற்றுக்குக் கட்டு இல்லை, பாறையை வெட்டிய வாய் நிலமட்டத்தில் திறந்து கிடக்கிறது. குளிக்க வார்ப்பதற்குக் கைபிடித்து என்னை அதன் விளிம்புக்குக் கூட்டிப் போகிறாள். நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய் நிறுத்துகிறாள். நான் தனியாக நிற்கப் பழக வேண்டும் என்பதற்காகக் கையை மெல்ல விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் போய் நின்று, அன்பாகச் சொல்கிறாள்:

“பயமெண்டால் காலை ஊண்டுங்கோ, அண்ணை.”