காலைக் கீழே வைக்கும் முன்

கரவனெல்ல பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இறப்பர் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் உரக்கச் சொன்னார்:

“இந்தக் கால் நரம்பு சுருட்டிக்கிட்டதால எனக்கு ராணி வாழ்க்கை, சரசு.”

“வீங்குன கால்ல என்னக்கா ராணி வாழ்க்கை?”

“டாக்டர் முழங்கால் வரைக்கும் இழுத்துப் போடுற இறுக்கமான மேசு குடுத்தாரு. காலையில கட்டில விட்டு எறங்குறதுக்கு முந்தியே போட்டுறணும், இல்லாட்டி கால் வீங்கிரும்னு எங்க வீட்டுக்காரர வச்சுக்கிட்டே சொன்னாரு.”

“அப்ப தேத்தண்ணி யாரு ஊத்துறது?”

“அவருதான். கல்யாணம் முடிச்சு முப்பது வருசத்துல இப்பத்தான்.”

“மேசு போட அவ்வளவு நேரமா ஆகும்?”

“தேத்தண்ணி வர்ற வரைக்கும் ஆகும்.”

சரசு சேலையைச் சற்றே தூக்கித் தன் கெண்டைக்காலை உற்றுப் பார்த்தார்.

“அக்கா, இந்தா, எனக்கும் பச்சையா ஒன்னு ஓடுது பாருங்க. கிளினிக் என்னைக்கு?”